செல்லுமா சார்?

போலி வக்கீல் என்று பிடிபட்ட மாசிலாமணியை லாக்கப்பில் ஜட்டியோடு உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய கறுப்புக் கோட்டு இன்ஸ்பெக்டரின் மேசையில் கிடந்தது. எதிரே ஜெயசுதா நின்றாள். வக்கீல் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் இருந்த அவளுக்கு ஐந்து வருடங்களுக்கு முன் விவாகரத்து வாங்கிக் கொடுத்தவர் மாசிலாமணிதான். வாசலில் அவளுடைய இரண்டாவது கணவன் என்ஜினை அணைக்காமல் பைக்கில் காத்திருந்தான்.

“இவரு வக்கீலே இல்லன்னா, அந்தத் தீர்ப்பு செல்லுமா சார்? இப்ப நான் யாரு பொண்டாட்டி?”

இன்ஸ்பெக்டர் காதைச் சொறிந்தார். லாக்கப் பக்கம் திரும்பினார்.

“சொல்லுய்யா.”

மாசிலாமணி எழுந்தார். தொண்டையைச் செருமினார். வெறும் மார்பில், இல்லாத கோட்டின் மேல் பித்தானைப் பழக்கத்தில் போட்டுக்கொண்டார்.

வாசலில் பைக் சத்தம் நின்றது.