மஞ்சள் கண்

வெள்ளைத் தட்டில் பழ ஈக்கள் சிதறிக் கிடக்கின்றன. மயக்க மருந்துப் பஞ்சைக் குடுவைக்குள் வைத்துவிட்டு, நினைவு எங்கோ போய் ஜன்னலோரம் நின்றுவிட்ட ஆராய்ச்சியாளன் இப்போதுதான் நுண்ணோக்கியில் குனிகிறான். அளவாக மயங்கிய ஈயின் இறக்கை முதுகில் படிந்திருக்கும். மருந்து மிஞ்சிச் செத்ததன் இறக்கை விறைத்து மேலே நிற்கும். இங்கே அத்தனையும் நிற்கின்றன. தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறான். சிவப்புக் கண், சிவப்புக் கண், பிறகு ஒரு மஞ்சள் கண். கை நின்றுவிடுகிறது. இந்த ஒரு மரபுப் பிறழ்வுக்காகத்தான் அவன் மனைவி சாகும்வரை குடுவை குடுவையாக ஈ வளர்த்தாள். உயிரோடு கிடைத்திருந்தால் இதிலிருந்து ஒரு வம்சத்தையே வளர்த்திருக்கலாம். குடுவையில் அவள் ஒட்டிய சீட்டு, ஓரம் சுருண்டு, இன்னும் இருக்கிறது.

"என்னண்ணா, அண்ணியோட மஞ்சக்கண்ணு மகாராணி வந்தாச்சா?" அவளோடு வேலை பார்த்த பெண் அடுத்த மேசையிலிருந்து கேட்கிறாள். "வந்தா எனக்குத்தான் முதல்ல காட்டணும், ஆமா!"

"இல்லம்மா. எல்லாம் சிவப்புதான்."

"விடுங்க, அடுத்த குடுவையில வருவா."

அவன் தலையாட்டுகிறான். விளக்கொளியில் தட்டு பளபளக்கிறது. மஞ்சள் கண் ஈயின் இறக்கைகளைத் தூரிகையால் மெல்ல முதுகோடு படியவைக்கிறான். தூரிகையை எடுத்ததும் அவை மறுபடி எழுந்து நிற்கின்றன.