ஓர் அடி பிந்தும் டிரம்

டமாரென்று ஸ்பீக்கர் அதிர, அலமாரியிலிருந்த சில்வர் டம்ளர் உருண்டு விழுகிறது. இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையில் பிரவீன் அதை எடுக்கவில்லை. டேப் ரெக்கார்டரில் சுற்றும் கேசட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு குழுக்கள் காசு போட்டு, ஆளுக்கொரு பக்கம் பதிந்த மெட்டல் ராக் இசை. சேற்றில் புதைந்த லாரி நகர்வதுபோல் மெதுவானது, கனமானது. வேலூர்ப் பையன்களின் பக்கம் முடிந்துவிட்டது. கரகரப்புதான், ஆனாலும் உயிர் இருக்கிறது. இப்போது ஓடுவது இவர்கள் பக்கம். கிடார் பிரவீன், டிரம் எழிலரசன். வெளியிடலாமா வேண்டாமா என்று இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். டிரம் ஒவ்வொரு முறையும் கிடாருக்கு ஓர் அடி பின்னால் வருகிறது. அதை எழிலின் பாணி என்று மெச்சியவனே பிரவீன்தான். ஷிப்ட் முடிந்த அழுக்குச் சட்டையோடு எழில் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்மூடித் தலையாட்டுகிறான். சட்டைப் பையில் கம்பெனி கொடுத்த காதடைப்பான், உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. அடைத்துக்கொண்டால், தகடு அடிக்கும் பிரஸ் மெஷினின் தாளத்துக்கு டிரம் பழக முடியாதாம். “டிரம்ஸ மட்டும் திரும்ப அடிக்கலாமா மச்சி?” என்கிறான் பிரவீன். எழில் கண்மூடியபடியே தலையாட்டுகிறான். பிரவீன் கேசட்டை நிறுத்துகிறான். அறை அடங்கிப்போகிறது. பின்புறப் பட்டறையின் பிரஸ் மட்டும் சுவர் வழியே தும், தும் என்று அதிர்கிறது. எழிலின் தலை அந்த அதிர்வுக்கு ஆடிக்கொண்டேயிருக்கிறது. பிரவீனின் விரல் பொத்தானை விட்டு நகரவில்லை. எழில் கண் திறக்காமலே சிரிக்கிறான்.

“நிறுத்திடாத மச்சி, இந்த எடந்தான் செமயா கீது.”