வாளியோடு வந்தவர்

"ஹம்சா, பட்டான்செருவிலிருந்து மீன் பண்ணைக்காரர் ஒருத்தர் வந்திருக்கார். உன்னைத்தான் கேக்கறார். கையில வாளி வேற!" என்றாள் ஆய்வகத்தில் உடன் வேலை பார்க்கும் சபீனா.

கடிதம் எழுதி மிரட்டியவரேதான் வந்துவிட்டார் என்று நினைத்தாள் ஹம்சா. போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு லட்சம் ஜிலேபி மீன் முட்டைகளில் வைரஸ் இருப்பதைப் பரிசோதனையில் கண்டுபிடித்து, அத்தனையையும் அழிக்கச் சொல்லி அறிக்கை எழுதியவள் அவள்தான். முட்டைகளை வரவழைத்த பட்டான்செரு முதலாளி வரதராஜனை அவள் நேரில் பார்த்ததில்லை. 'உன் வேலைக்கு உலை வைக்கிறேன்' என்று அவர் அனுப்பிய கடிதங்கள் மட்டும் மேஜையில் கிடந்தன.

உள்ளே வந்தவர் அவற்றின் மேலேயே வாளியை வைத்தார்.

"முட்டையெல்லாம் அழிக்கச் சொன்னது நீங்கதானா?"

"ஆமா சார். விட்டிருந்தா நோய் பரவியிருக்கும்... சட்டப்படிதான்..."

"என் பேர் நடேசன், மேடம். வரதராஜன் பண்ணைக்கு அடுத்த குளம் என்னோடது. அவர் தொட்டித் தண்ணியைத் திறந்துவிட்டா என் குளத்துலதான் வந்து விழும். அந்த நோய் வந்திருந்தா என் பொழப்பே போயிருக்கும். அவர் தினமும் உங்க பேரைச் சொல்லித் திட்டுறார். அப்படித்தான் உங்க பேரே எனக்குத் தெரிஞ்சுது."

அவர் கைகூப்பினார். வாளிக்குள் ஏதோ துள்ளியது.

"ஐயோ, நாங்க எதுவும் வாங்கக் கூடாது சார்."

"நக்கோ, அதெல்லாம் இல்ல மேடம், குடுக்க வரல. திரும்பக் கொண்டுபோய்க் குளத்துலயே விட்டுடுவேன். என் குளத்து மீன் உயிரோட இருக்குன்னு உங்களுக்குக் காட்டத்தான் வந்தேன்."

ஹம்சா எழுந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.