இரண்டு ரேட்டு

“கேஷ்ல போட்டா நாலாயிரத்து இருநூறு அக்கா. இன்சூரன்ஸ்ல போட்டா ஏழாயிரத்து அறுநூறு.”

எப்சிபா டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மறுபடி பார்த்தாள். “ஒரே ரத்த டெஸ்ட்டுதானம்மா? அதுக்கு ஏன் ரெண்டு ரேட்டு?”

“எல்லா ஆஸ்பத்திரியிலயும் இப்டித்தான் அக்கா” என்றாள் கவுன்டரில் இருந்த சுலோசனா. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊர்ப் பெண். எப்சிபா வாயைத் திறந்ததுமே தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறியிருந்தாள்.

சுனில் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று எப்சிபா நினைத்துக்கொண்டாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவன் சொல்வது ஒன்றுதான். ‘இன்சூரன்ஸ்னு சொன்னா ரேட்ட ஏத்திடுவானுங்க. கேஷே குடுத்துடு.’ சொன்ன கையோடு பணமும் அனுப்பிவிடுவான்.

ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். வாரம் முழுக்க அங்கேயே ரூமில் தங்கிவிட்டு, சனிக்கிழமை சித்தூருக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமை அவளோடு சர்ச்சில் உட்காருவான். பிள்ளை இல்லையென்று ஒரு வார்த்தை குத்திப் பேசாத புருஷன் என்று சபையில் அவனுக்கு நல்ல பெயர்.

திருப்பதியில் இந்த டாக்டரம்மா முதல் நாளே, “உங்க வீட்டுக்காரரையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கினு வாங்க” என்று சொல்லியிருந்தார். சுனில் சிரித்தான். “எனக்கு எதுக்கு டெஸ்ட்டு? எங்கிட்ட ஒண்ணும் கொற இல்ல. எனக்குத் தெரியும்.”

எப்சிபா தனியாகத்தான் வந்துகொண்டிருந்தாள். ஊசி குத்தும்போது இப்போதெல்லாம் வலிப்பதுகூட இல்லை. கையை நீட்டுவாள், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்வாள், சித்தூர் பஸ் பிடிப்பாள்.

இன்றைக்கு டாக்டரம்மா இரண்டு டெஸ்ட்டுகளைக் கூடுதலாக எழுதிவிட்டார். சுனில் அனுப்பியிருந்தது மூவாயிரம். மூன்று தடவை கூப்பிட்டும் அவன் போனை எடுக்கவில்லை.

“கையில மூவாயிரந்தான் இருக்குதும்மா.”

“அப்போ இன்சூரன்ஸே போட்டுக்குங்களேன் அக்கா. ரேட்டு ஜாஸ்திதான், ஆனா அத கட்டப்போறது கம்பெனி. உங்களுக்கு ஒரு ரூபா செலவில்ல. சாரோட ஐடி கார்டு இருக்குதா?”

வீட்டு ஓனருக்குக் கொடுக்க எடுத்த அந்தக் கார்டின் போட்டோ அவள் போனில் இருந்தது. காட்டினாள். சுலோசனா நம்பரைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.

“ஒக்க நிமிஷம்... ஆ, வந்திடுச்சி. சில கம்பெனிக்கு இந்த டெஸ்ட்டெல்லாம் வராது அக்கா. இவங்களுக்கு வருது. ஒய்ஃபுக்கு ஃபுல் கவர்.” மானிட்டரை எப்சிபா பக்கம் திருப்பினாள். “எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்து சொல்லுங்க.” அதற்குள் பின்னால் நின்றவர் எதையோ கேட்க, அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

எப்சிபா குனிந்து பார்த்தாள். சுனிலின் பெயர் சரி. பிறந்த தேதி சரி. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஏசிக் காற்று முழங்கையில் படுவது மட்டும் தெரிந்தது.

“போட்டுடட்டா அக்கா?”

“வேணாம்மா.”

சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். போன் அடித்தது. சுனில்.

“மெஷின்கிட்ட நின்னுக்கினு இருந்தேன் எப்சி, சத்தத்துல கேக்கல. என்ன, பணம் பத்தலியா? எவ்ளோன்னு சொல்லு, இப்பவே அனுப்பறேன்.”

“கேஷ்ல நாலாயிரத்து இருநூறாம். இன்சூரன்ஸ்ல போட்டா ஒண்ணும் கட்ட வேணாமாம்.”

“ஏய், அதெல்லாம் எதுக்குக் கேட்டுக்கினு நிக்கிற? கேஷ்தான் நமக்கு...”

“அதுக்கு நான் பிரித்திகாவா இருக்கணுமாங்க.”

எப்சிபா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“பையனுக்கு மூணு வயசுன்னு போட்டிருக்குது.”