சாவி எடுத்த பிறகும்

சாவி மாதேஸ் கையில் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஓடியது என்றா சொல்வது? அலறியது. ஆக்சிலேட்டரில் யார் கையும் இல்லை, இருந்தும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஸ்டாண்டில் நின்ற வண்டியின் சீட் குலுங்கியது, யாரோ உட்கார்ந்து முறுக்குகிற மாதிரி. பட்டப்பகலில், கடத்தூர் பட்டறையின் உள்வாசலில் நின்ற ஜான் பீ நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் புருசன் மெக்கானிக் பக்ருதீன் பழந்துணியைச் சுருட்டி கார்புரேட்டர் வாயில் திணித்தார். வண்டி விக்கி விக்கி அடங்கியது.

“இப்படித்தாங்க பாய் பண்ணுது,” என்றான் மாதேஸ். “முன்சக்கரத்தை மாத்தி, போன வாரம்தான் கிளப்பினேன். சாவியை எடுத்தாலும் நிக்க மாட்டேங்குது. எங்கண்ணன் இதுலதானுங்க…”

ஜான் பீக்குத் தெரியும். ஊருக்கே தெரிந்த கதை. பொம்மிடி பக்கம் மண் தடத்தில் நடந்த பைக் ரேஸில், வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பாறையில் மோதிச் செத்தான் ஜெயபால். திமிரெடுத்துப் போனான் என்றார்கள்.

“அவன் திமிர் புடிச்சவன் இல்லீங்க. வளைவுல ஆக்சிலேட்டரை விட்டிருப்பான். அப்புறம் ஏன் நிக்கலைன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க பாய். ஞாயித்துக்கிழம ரேஸ்ல இதே வண்டிய ஓட்டி அவன் பேரக் காப்பாத்தணும். வூட்ல எல்லாரும் பேய்ங்கறாங்க.”

“பேயாவது பிசாசாவது! போய் டூ-டி ஆயில் வாங்கிட்டு வா.”

பக்ருதீன் அப்படிப்பட்ட மனுசன். வண்டியில் எலுமிச்சம்பழம் தொங்கினாலே அறுத்து வீசுவார். பிள்ளைக் காய்ச்சலுக்கு ஜான் பீ ஒரு தாயத்து வாங்கி வந்ததற்கு வூட்டையே ரெண்டாக்கியவர்.

மாதேஸ் போனதும், இன்ஜின் பக்கவாட்டு மேக்னட் கவரைக் கழற்றினார். டார்ச் அடித்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

“என்னாங்க?”

அவர் டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தார். சூடு ஆறிய இன்ஜினுக்குள் ‘டக்’ என்று ஏதோ ஒன்று சத்தம் போட்டது. ஜான் பீ ஒரு அடி பின்னால் போனாள்.

மாதேஸ் திரும்பி வந்தபோது கவர் மூடியிருந்தது. பக்ருதீன் அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாக ஏதோ கேட்டார். அவன் முகம் மலர்ந்து ஏதோ சொன்னான். அவள் காதில் விழவில்லை.

அடுத்து அவர் சொன்னது நன்றாகவே விழுந்தது.

“இன்ஜின்ல ஒரு குறையும் இல்லப்பா. உள்ள உங்கண்ணன்தான் இருக்கான்.”

ஜான் பீ வாயைப் பொத்திக்கொண்டாள்.

வண்டியைத் தொடப்போன மாதேஸ் கையை இழுத்துக்கொண்டான். “எம்மேல கோவமாங்க?”

“சேச்சே, கோவமே இல்ல. உன்மேல உசுரு அவனுக்கு. நீ இதுல ஏறக்கூடாதுங்கறான், அவ்வளவுதான். அவன் திமிர்ல போகலப்பா. ஆக்சிலேட்டரை விட்டுட்டான். அது சத்தியம். வண்டி இங்கயே கிடக்கட்டும், இனிமே நீ இதைப் பிரிக்கவே கூடாது.”

மாதேஸ் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் போனான்.

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், ஜான் பீ பொங்கிவிட்டாள்.

“அஞ்சு வேளை தொழற மனுசனா நீங்க? ஒரு தாயத்துக்கு என்னை அந்தப் பேச்சு பேசினீங்க! இப்ப செத்தவன் பேரைச் சொல்லி ரேஸ் வண்டிய அமுக்கிட்டீங்களே, வெக்கமா இல்ல?”

பக்ருதீன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஓரத்தில் ஒரு கிழிசல்.

“கிராங்க் சீல், இன்ஜினுக்குள்ள காத்து புகாம அடைக்கிற ரப்பர். ஸ்குரூ டிரைவரால குத்தி மாட்டியிருக்கு. கிழிஞ்ச வழியா காத்து உள்ள போகப் போக, கையை விட்டாலும் வண்டி பறக்கும். சூடேறிட்டா சாவிக்கும் அடங்காது.”

“அட, அப்ப இதைச் சொல்லி மாத்திக் குடுத்திருக்கலாமே?”

“அவங்கண்ணன் செத்த ரேஸுக்கு முன்னாடி இந்த சீலை மாட்டினது யாருன்னு அவன்கிட்ட கேட்டேன்.” பக்ருதீன் வளையத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “‘நான்தாங்க பாய்! எங்கண்ணன் என்னைத் தவிர வேற யாரையும் இன்ஜினைத் தொடவே வுடமாட்டான்’னு அவ்வளவு பெருமையா சொல்றான்.”