யானைப் படம் போட்ட புத்தகம்

"அந்தத் தையல்கார அம்மாவை இன்னைக்கே க்ரூப்ல இருந்து தூக்கிடுங்க. ஆளாளுக்கு போன் போட்டு என் காதைத் துளைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியை.

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவருக்கே பொறுமை போய்ப் பல நாளாகிறது.

பின்னே என்ன? தினமும் சாயங்காலம் வீட்டுப்பாடத்தைப் பார்த்துப் பார்த்து டைப் செய்து பெற்றோர் க்ரூப்பில் போடுவார். போட்ட ஐந்தாவது நிமிஷம், தையல் மெஷின் கடகடக்க, அந்த அம்மாவின் குரல் வந்து குதிக்கும். டீச்சர் எழுதியதையே முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும்.

வெறுமனே வாசித்தால்கூடப் பரவாயில்லை.

"பக்கம் நாற்பத்திரண்டு. நாலு, ரெண்டு. ஊதா அட்டை, மேலே யானைப் படம் போட்டிருக்குமே, அந்தப் புத்தகம். கடைசியில டீச்சர் ஒரு கும்பிடு போட்டிருக்காங்க."

டீச்சர் போட்ட பொம்மைக் கும்பிடுகூடத் தப்பாது!

முதலில் கிளம்பியவர் வேன் ஓட்டும் அப்பா. ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது. "என்ன டீச்சர் இது? இங்க இருக்கிறவங்க எல்லாம் படிக்கத் தெரியாதவங்களா? அந்தம்மாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

அவ்வளவுதான். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். 'என் போன்ல இடமே இல்லை, பூரா இவங்க குரல்தான்' என்று மருந்துக்கடை அப்பா எழுதினார். 'தூக்குங்க டீச்சர்' என்று பேங்க் அம்மா எழுதினார்.

தையல்கார அம்மா ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாளும் வாசித்தார்.

தலைமை ஆசிரியை சொன்ன அன்று பள்ளி விட்டதும், மகனைக் கூட்டிப்போக வந்தவரை டீச்சர் வகுப்புக்குள் கூப்பிட்டார். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார் அந்த அம்மா. கழுத்தில் இஞ்சு டேப் அப்படியே தொங்கியது. வராந்தாவில் அவர் மகனும் வாலுவும் நொண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். வாலு, வேன்கார அப்பாவின் மகள். வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும்.

"ஏங்க, நான் எழுதறது உங்களுக்குப் புரியலையா?"

"நல்லாப் புரியுது டீச்சர்."

"அப்புறம் எதுக்கு? இத்தனை பேர் வாயில விழணும்னு என்ன தலையெழுத்து?"

அந்த அம்மா இஞ்சு டேப்பைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடியும் சுருட்டினார்.

"நீக்கணும்னா நீக்கிடுங்க டீச்சர். ஆனா நாளையில இருந்து நீங்க வாயால சொல்லிடறீங்களா? எந்தப் புத்தகம்னு அட்டைப் படத்தோட சேர்த்து?"

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க அட்டைப் படம்?"

கேட்ட பிறகுதான் டீச்சருக்கே உறைத்தது.

"யாருக்கு?" குரல் தானாகத் தணிந்தது.

"அது வேண்டாம் டீச்சர். அவங்க என்கிட்ட சொல்லல. கேட்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தப்போ பக்கத்துல நின்னு வாசிக்க முடியாம முழிச்சாங்க, நானா புரிஞ்சுக்கிட்டேன். எனக்குத் தெரியும்னு அவங்களுக்கே தெரியாது."

"இதை ஒரு வார்த்தை க்ரூப்ல சொல்லியிருந்தா யாராவது உங்களைத் திட்டியிருப்பாங்களா?"

"திட்டமாட்டாங்க. அது யாரு, யாருன்னு தேடுவாங்க. குழந்தைங்க காதுல விழும். அதுக்கு நான் திட்டு வாங்கிக்கிறதே மேல்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதமாகத் தெளிவாக எழுதுகிறோம் என்றல்லவா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்! எழுத்து போய்ச் சேராத வீடு ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

போனை எடுத்தார். தூக்கத்தான் போகிறார் என்று அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் மைக்கை அழுத்தினார்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கட்டைவிரல் சுளுக்கிக்கிச்சு, டைப் பண்ண முடியல. இனிமே வீட்டுப்பாடத்தைப் பேசித்தான் அனுப்புவேன், கொஞ்சம் பொறுத்துக்கங்க. நாளைக்குப் பச்சை அட்டை, கிளிப் படம் போட்ட புத்தகம். பக்கம் பன்னிரண்டு. ஒண்ணு, ரெண்டு."

பெற்றோர்கள் உருகிவிட்டார்கள். 'பார்த்துக்கங்க டீச்சர்', 'வெந்நீர் ஒத்தடம் கொடுங்க' என்று வரிசையாக எழுதித் தள்ளினார்கள். கடைசியாக ஹாரன் சத்தத்தோடு ஒரு குரல் வந்தது.

"டீச்சர், விரலுக்கு வேலை கொடுக்காதீங்க. பேசியே அனுப்புங்க. அதுதான் எங்களுக்கு... அது வந்து, உங்களுக்கு வசதி."

நல்லாயிருந்த கட்டைவிரலால் டீச்சர் க்ரூப்பை மேலே தள்ளிக்கொண்டே போனார். போன வாரம், போன மாதம், பள்ளி திறந்த நாள் வரைக்கும். அந்த மனிதரிடமிருந்து வந்தது எல்லாமே குரல்தான். ஓர் எழுத்துகூட இல்லை.

"இவருக்காகவா?" டீச்சருக்கு ஆறவில்லை. "உங்களை நிறுத்தச் சொல்லி முதல்ல கிளப்பிவிட்டதே இந்த வேன்..."

தையல்கார அம்மா சட்டென்று எழுந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா டீச்சர். வாலு வெளியிலதான் நிக்கிறா."