ஒரு ஊசி ரத்தம்

"சின்ன வயசுல ஊசின்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளிவே. அம்பது வயசு ஆகப்போகுது, இன்னுமாடா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மகனைச் சீண்டினார் தையல்காரர். மகன் அப்பாவின் வயிற்றில் ஒட்டியிருந்த, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தையல்காரருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையை ஆபரேஷன் செய்து எடுக்கும்போது, அடியிலிருக்கும் புராஸ்டேட் சுரப்பியையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். எடுத்ததைப் பரிசோதித்துப் பார்த்தால், யாரும் எதிர்பார்க்காமல் அந்தச் சுரப்பிக்குள்ளும் ஒரு புற்றுநோய் ஒளிந்திருந்தது.

காலையில் வந்த டாக்டர் தெம்பாகத்தான் பேசினார்.

"பெரியவரே, இந்த ரெண்டாவதை நினைச்சுக் கவலையே படாதீங்க. ரொம்பச் சின்னது, முழுசா வெளியே வந்தாச்சு. அதால உங்க ஆயுசு குறையாது. நாம கண்ணு வெச்சுப் பாக்க வேண்டியது சிறுநீர்ப்பையில இருந்ததைத்தான். ஆமா, குடும்பத்துல வேற யாருக்காவது புராஸ்டேட்ல இது இருந்திருக்கா?"

"எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாது டாக்டர்" என்றார் தையல்காரர், அவசரமாக.

"இருந்தாலும் பரம்பரையா வரலாம். பையன் புராஸ்டேட்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கட்டும்."

மகன் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினான். டாக்டரின் தலை மறைந்ததும், "அதெல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா" என்றுவிட்டான்.

அப்போது பிடித்த பிடிவாதம்தான், இன்னும் விடவில்லை.

தையல்காரருக்கும் இதைப் பேச ஆசையா என்ன? காலமெல்லாம் ஊராரின் இடுப்பளவு எடுத்தவருக்கு, இந்த நோயின் பெயரைச் சொல்ல மட்டும் நாக்கு எழாது. "அந்த இடத்துல வந்தது" என்பார், அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்.

பை நிரம்பியிருந்தது. நர்ஸ் வந்து சொல்லிக்கொடுப்பதற்குள் மகனே குனிந்து, அடியிலிருந்த மூடியைத் திறந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் காலி செய்து, துடைத்து மூடினான்.

"இருமல் வந்தா தலகாணியை வயித்தோட அணைச்சுக்குங்கப்பா. வலி அவ்வளவா தெரியாது."

"ஒரு பல்பு மாட்டத் தெரியாத பய, இதெல்லாம் எங்கடா கத்துக்கிட்டே?"

"வீடியோ பார்த்தேன்."

மருமகள் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். தையல்காரர் போர்வையை இழுத்துப் பையை மறைத்துக்கொண்டார்.

"நீயாவது சொல்லும்மா உன் புருஷன்கிட்ட. ஒரு ஊசி ரத்தம் குடுத்தா குறைஞ்சா போயிடுவான்?"

அவள் கணவனைப் பார்த்தாள். "நான் எவ்வளவோ சொல்லிட்டேன் மாமா. அவர் வாயைத் திறந்தாத்தானே" என்றவள், டம்ளர் கழுவும் சாக்கில் வெளியே போய்விட்டாள்.

அறையில் அப்பாவும் மகனும் மட்டும். தையல்காரரின் குரல் இறங்கியது.

"டேய், வெக்கத்தை விட்டுக் கேக்குறேன். வீடு வாசல்னு உனக்கு ஒண்ணும் சேத்து வைக்கல. கடைசியில இந்தக் கருமத்தையா உன் தலையில கட்டியிருக்கேன்னு நினைச்சா, உன் மூஞ்சியில முழிக்கவே அவமானமா இருக்குடா. உனக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியா கண்ணை மூடுவேன். ஒரே ஒரு ஊசிடா…"

பெற்ற மகனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார்.

மகன் கூனிக் குறுகிப் போனான். காலையில் டாக்டர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றதை நினைக்க அவனுக்கே கூசியது. அப்பாவின் கைகளைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்குப் புராஸ்டேட்டே இல்லப்பா… புற்றுநோய்னு போன வருஷமே எடுத்துட்டாங்க."